அணைத்த பிறகும் எரிந்த பச்சை

தரமணி ரயில் நிலையத்தில் இறங்கிக் கால் மணி நேர நடை. காலை பத்து மணிக்கு ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்ததும் வெந்த பருப்பும் காயாத துணியும் கலந்த மாதிரி ஒரு வாடை. ‘ஈ.கோலை சார், ரெண்டு நாள்ல பழகிடும்’ என்றார் ஆராய்ச்சி மாணவி.

37 டிகிரி சூட்டில் ஷேக்கர் ஆடிக்கொண்டிருந்தது. உள்ளே மூன்று குடுவைகள், ஒவ்வொன்றிலும் 50 மில்லி. அந்த பாக்டீரியாவுக்குள் ஜெல்லிமீனின் பச்சை ஒளிப் புரத ஜீனை வைத்திருந்தார்கள். தொழிற்சாலைக்கான நொதியின் ஜீனை வைக்கும் முன் ‘சுவிட்ச்’ சரியாக இருக்கிறதா என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

சுவிட்ச் பழையது, 1961இல் ஜேக்கப்பும் மோனோவும் விளக்கியது. டி.என்.ஏ.மேல் ஒரு தடுப்புப் புரதம் உட்கார்ந்திருக்கும், லாக்டோஸ் வந்தால் எழுந்து வழிவிடும். ஐ.பி.டி.ஜி. என்ற ரசாயனமும் அதைக் கிளப்பிவிடும். ‘அதுவரைக்கும் ஜீன் சுத்தமா ஆஃப் சார்.’

கலங்கல் அளவு 0.6 வந்ததும் முதல் குடுவையில் 25 மைக்ரோலிட்டர் ஐ.பி.டி.ஜி. விட்டார். ஒரு சொட்டில் பாதிதான். இரண்டாவதில், பனீர்க் கடையில் கொட்டவிருந்த தண்ணீரை வடிகட்டிக் கிருமி நீக்கி ஊற்றினார். மூன்றாவதில் எதுவும் இல்லை.

ஐ.பி.டி.ஜி. சில்லறையில் கிராம் ஆயிரம் ரூபாயை ஒட்டி வருகிறதாம். 15 ரூபாய் டீயைக் குடித்துக்கொண்டே கணக்குப் போட்டேன். இதே அடர்த்தியில் 1,000 லிட்டர் தொட்டிக்கு 119 கிராம். அந்த விலையில் லட்சத்தைத் தாண்டும். பனீர்த் தண்ணீரிலோ நூற்றுக்கு நாலைந்து பங்கு லாக்டோஸ் சும்மா கிடக்கிறது. ஆற்றில் விட்டால் அதுவே தண்ணீரின் ஆக்ஸிஜனைத் தீர்த்துவிடும். இதைப் பயன்படுத்தாமல் விடுவது பெரிய வீண்.

மூன்றரை மணிக்கு மூன்று குடுவைகளிலிருந்தும் குழாய்களில் ஊற்றிச் சுழற்றி எடுத்தார். முதல் குழாயின் அடியில் பாசிப்பயறு நிறத்தில் வண்டல். பனீர்த் தண்ணீர்க் குழாயிலும் பச்சைதான், ஒரு மாற்றுக் குறைவு. மூன்றாவது சந்தன நிறம். நீல விளக்கைப் போட்டு ஆரஞ்சுக் கண்ணாடி வழியே பார்க்கச் சொன்னேன். மூன்றாவதும் மங்கலாக மினுங்கியது.

‘சுத்தமா ஆஃப்னு சொன்னீங்களே?’

‘கொஞ்சம் லீக் ஆகும் சார்.’ தடுப்புப் புரதம் அவ்வப்போது டி.என்.ஏ.வை விட்டு நழுவுகிறது. அந்த இடைவெளியில் ஜீன் வேலை செய்துவிடுகிறது.

சிறிய கசிவுதான், ஆனால் அலட்சியம் செய்ய முடியாது. எதையும் உற்பத்தி செய்வது செல்லுக்குச் சுமை. கலங்கல் அளவிலேயே அது தெரிந்தது: மூன்றாவது குடுவை 3.9, ஐ.பி.டி.ஜி. விட்டது 2.6. பெரிய தொட்டியை நிரப்பப் பல தலைமுறை பெருக வேண்டும். அதுவரை கசிந்துகொண்டே இருந்தால், ஜீன் கெட்டுப்போன செல்கள் சுமையில்லாமல் வேகமாகப் பெருகித் தொட்டியைப் பிடித்துக்கொள்ளும்.

அவர் ஃப்ரிட்ஜிலிருந்து நேற்றைய குழாய் ஒன்றை எடுத்து வந்தார். அதில் ஒரு சதவீதம் குளுக்கோஸ் சேர்த்திருந்தார்களாம். விளக்கின் கீழ் பிடித்தோம். கிட்டத்தட்ட இருட்டு.

‘குளுக்கோஸ் இருக்கிற வரைக்கும் அடங்கியிருக்கும். தீர்ந்ததும்தான் லாக்டோஸுக்கு வரும்.’

‘எப்போ தீருது?’

‘அதைத்தான் இன்னிக்கு ராத்திரி அரை மணிக்கு ஒரு தடவை எடுத்துப் பார்க்கப் போறேன் சார்’ என்று புதுக் குடுவையை ஷேக்கரில் மாட்டினார்.