பெயரும் தொழிலும்

பெயர்கள் காரணப்பெயர், இடுகுறிப்பெயர் என இருவகைப்படும் என்பர் இலக்கண நூலார். காரணம் பற்றித் தோன்றிய பெயரும் காலப்போக்கில் அக்காரணத்தை இழந்து நிற்றல் உண்டு. எள்ளின் நெய்யே முதலில் எண்ணெய் எனப்பட்டது. இன்றோ தேங்காயிலிருந்து எடுப்பதும் எண்ணெய். வேப்பங்கொட்டையிலிருந்து எடுப்பதும் எண்ணெய். சொல்லுக்கு நேர்ந்த இந்நிலை, ஆடுகளத்தில் மனிதருக்கும் நேர்வதுண்டு. ரக்பி லீக் என்னும் பந்தாட்டம் இதற்குத் தக்க சான்றாகும்.

இவ்வாட்டம் இங்கிலாந்தின் வடபுலத்தில் தோன்றியது. அங்கே சுரங்கங்களிலும் ஆலைகளிலும் உழைத்தோர் சனிக்கிழமைகளில் ரக்பி ஆடினர். அதனால் இழந்த கூலியை அவர்க்கு ஈடு செய்தல் வேண்டும் என்று வடபுலக் கழகங்கள் கேட்டன. ரக்பி சங்கம் இசையவில்லை. ஆதலின் 1895ஆம் ஆண்டு ஆகஸ்டு 29ஆம் நாள் அக்கழகங்கள் ஹட்டர்ஸ்ஃபீல்டு நகரில் கூடித் தனியே பிரிந்தன. 1906இல் அணிக்கு 15 பேர் என்பதை 13 பேர் எனக் குறைத்தன.

இப்பதின்மூவருள் அறுவர் முன்னணியினர்; எழுவர் பின்னணியினர். முன்னணியினர்க்கு உடல்வலியும், பின்னணியினர்க்கு விரைவும் உரியன எனக் கருதப்பட்டன. முன்னணியின் முதல் வரிசையில் நடுவே நிற்பவர் ஹூக்கர். கொக்கியிட்டு இழுப்பவர் என்பது அச்சொல்லின் பொருள். ஆட்டம் தடைப்பட்டால், இரு முன்னணியினரும் குனிந்து, தோளொடு தோள் பிணைந்து எதிரெதிரே முட்டி நிற்பர். இதனை ஸ்கிரம் என்பர். இடையே இடப்படும் பந்தைத் தம் காலையே கொக்கியாக வளைத்து இழுப்பது ஹூக்கரின் தொழில். இமைப்பொழுதில் முடியும் அச்செயலுக்கு நெடுநாட் பயிற்சி வேண்டும். ஓட்டத்தில் அவர் மெலியராயினும், பந்தைப் பெற்றுத் தருதலால் அணி அவரைப் போற்றியது.

பின்னர் விதிகள் மாறின. பந்தைப் பெற்ற அணி அதனை விடாது வைத்துக்கொண்டது ஆட்டத்தின் சுவையைக் கெடுத்தது. ஆகவே, நான்கு முறை பிடிபட்டபின் பந்தை வைத்திருத்தல் ஆகாது என 1966இல் விதித்தனர். சில ஆண்டுகளில் நான்கு ஆறாயிற்று. 1983 முதல், ஆறாம் பிடிக்குப்பின் ஸ்கிரம் இன்றியே பந்து எதிரணிக்கு உரியதாயிற்று. எஞ்சிய ஸ்கிரங்களிலும் போட்டி தேய்ந்தது. பந்தை இடும் அணியே அதனைப் பெறுவது வழக்கமாயிற்று. காற்கொக்கிக்கு வேலை இல்லை.

ஹூக்கர் என்ன ஆனார்? பெயரை விடவில்லை, தொழிலை மாற்றிக்கொண்டார். பிடிபட்ட வீரர் எழுந்து பந்தைக் காலால் பின்னே தள்ளுகையில், அதனைக் கையில் எடுப்பவர் பெரும்பாலும் இவரே. பிறர்க்கு எறிவதா, தாமே ஓடுவதா, உதைப்பதா என நொடியில் துணிபவரும் இவரே. மெல்போர்ன் ஸ்டார்ம் அணியின் கேமரன் ஸ்மித் 2002 முதல் 2020 வரை 430 ஆட்டங்கள் ஆடினார். ஹூக்கராகிய அவரது புகழ் கையாலும் மதியாலும் வந்தது, கொக்கியால் அன்று.

ஏனையோரின் எல்லைகளும் மங்கின. ஸ்கிரத்தின் கடைசியில் நிற்கும் லூஸ் ஃபார்வர்டு, இன்று பல அணிகளில் முதல் வரிசையின் பேருடலாளர் செய்யும் பணியையே செய்கிறார். ஆஸ்திரேலியாவின் தேசிய ரக்பி லீக் 2016இல் ஆள்மாற்றத்தைப் பத்திலிருந்து எட்டாகக் குறைத்தபின், பேருடலாளரும் நெடுநேரம் களத்தில் நின்று ஓட வேண்டியவராயினர்.

இம்மாற்றத்தால் ஆட்டம் விரைவுற்றது. ஒருவரே பல தொழில் அறிந்தார். ஆயினும் இழப்பும் உண்டு. வலி குன்றிய அணியும் முன்னாளில் கைதேர்ந்த ஹூக்கர் ஒருவரால் பந்தைப் பெற்றது. அக்கலையை இன்று கற்பிப்பாரும் இல்லை, கற்பாரும் இல்லை.

ஒருவர் அரிதின் முயன்று கற்ற தொழிலை ஒரு விதி ஒரு நாளில் வேண்டாததாக்கிவிடலாம். அந்நாளில் பழைய பெயரை மட்டும் பற்றி நிற்பவர் களத்தை இழப்பர். புதிய தொழிலைக் கற்பவர் நிலைப்பர். எள்ளை விட்டு விரிந்தும் எண்ணெய் என்னும் சொல் வாழ்கிறது. கொக்கியை விட்டும் ஹூக்கர் வாழ்கிறார்.