கோல்பேஸில் ஒரு ஞாயிறு

காலி முகத்திடல் என்று முழுப் பெயரையும் எங்கள் பிள்ளைகள் சொல்வதில்லை. வட்டவளையில் எங்கள் லயத்துக்கு அடுத்த லயத்துப் பையன் ஒருவன் கொழும்பு புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் நிற்கிறான். ஞாயிறு எங்கே இருப்பாய் என்று போனில் கேட்டேன். “வேற எங்கண்ணே, கோல்பேஸ்லதான். அக்காவும் வருது.”

ஐந்து மணிக்கு 100ஆம் இலக்க பஸ்ஸில் போய் இறங்கினேன். தெற்கு முனையில் 1864இல் கட்டிய காலி முக ஹோட்டல், வடக்கே பழைய நாடாளுமன்றம். இரண்டுக்கும் நடுவே புல்வெளி, அதை ஒட்டிக் கடலோர நடைபாதை. வடக்கே கடலே தெரியவில்லை. துறைமுக நகரத்துக்காக 269 ஹெக்டேயர் கடலை மண் போட்டு நிரப்பிவிட்டார்கள். நல்லவேளையாக, சூரியன் விழுகிற பக்கம் இன்னும் திறந்துதான் கிடக்கிறது.

பட்டம் விற்பவர்கள் தலைக்கு மேல் பட்டத்தைப் பறக்கவிட்டபடியே விலை சொல்கிறார்கள். குடைக்குள் காதலர்கள். பர்தா அணிந்த பாட்டி ஒருவர் பேரனின் காற்சட்டையைச் சுருட்டிவிடுகிறார். அவர்களுக்கு இடையில் மூன்று பேரும் நான்கு பேருமாக எங்கள் பிள்ளைகள். தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரி, தீபாவளிக்கு எடுத்த சட்டையோடு வந்திருக்கிறார்கள். பேச்சைக் கேட்டாலே தெரிந்துவிடும், இது ஹட்டன், இது பொகவந்தலாவை, இது மஸ்கெலியா.

இந்த நடைபாதையை 1856இல் தொடங்கி 1859இல் முடித்தவர் ஆளுநர் ஹென்றி வார்ட். கொழும்பின் சீமாட்டிகளுக்காகவும் குழந்தைகளுக்காகவும் இதைப் பேணும்படி, தனக்குப் பின் வரும் ஆளுநர்களுக்குக் கல்லில் எழுதி வைத்துப் போனார். அதே வருடங்களில் எங்கள் முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கி, காடு வழியாக மாத்தளைக்கு, கோப்பித் தோட்டங்களுக்கு நடந்துகொண்டிருந்தார்கள். வழியில் செத்தவர்களுக்குக் கல் கிடையாது. அந்தக் கல்வெட்டை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்த வழிதான் நினைவுக்கு வரும்.

கோல்பேஸ் என்றால் நாட்டுக்கு 2022இன் ‘அரகலய’ மக்கள் போராட்டம். எங்களுக்கு அதற்கும் முந்திய ஒரு நாள் உண்டு. 2018 அக்டோபர் 24ஆம் திகதி இந்தப் புல்வெளி கறுத்துக் கிடந்தது. தோட்டத்தில் அப்போது அடிப்படை நாட்சம்பளம் 500 ரூபாய். அதை 1000 ஆக்கச் சொல்லி, பேஸ்புக்கில் அழைப்பு விட்டு, கறுப்புச் சட்டையோடு திரண்டவர்கள் கொழும்பில் வேலை செய்யும் மலையகப் பிள்ளைகள். கேட்டது தங்களுக்கல்ல, மலையில் கொழுந்து பறிக்கும் அம்மாமாருக்கு. அந்த 1000 ரூபாய் வர 2021 ஆனது.

பையன் இறால் வடை வண்டியருகே நின்றான். உள்ளங்கை அகலத்துக்குப் பருப்பு வடை, மேலே ஓட்டோடு பொரிந்து சிவந்த இறால், அதன் மேல் வெங்காயமும் மிளகாய்க் குழம்பும். காகிதத்தில் வாங்கிக்கொண்டு வந்து, கடலைப் பார்த்து என்னோடு உட்கார்ந்தான். கொள்ளுப்பிட்டியில் ஒரு வீட்டில் வேலைக்கு நிற்கும் அக்கா ஆறு மணிக்கு வந்து சேர்ந்தாள். அவளுக்கு மாதத்தில் ஒரு ஞாயிறுதான் லீவு.

“கடைக்கு அக்கா வரேலாது, அந்த வீட்டுக்கு நான் போகேலாது. இங்க வந்தாத்தாண்ணே குந்திப் பேசலாம்.”

எட்டு மணிக்குள் அவன் திரும்ப வேண்டும். தாமதித்தால் கடைக் கதவைப் பூட்டிவிடுவார்கள், படுக்கையும் அங்கேதான்.

அக்கா இறாலின் ஓட்டை உரித்துத் தம்பி பக்கம் வைத்தாள். முந்தானை முடிச்சிலிருந்து மடித்த நோட்டுகளை எடுத்து, “அம்மாவுக்குப் போட்டுரு” என்றாள். அவன் எண்ணாமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அம்மாவைப் போனில் அழைத்தான். வருடத்தில் 5000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிற ஊர் எங்களுடையது. திரையில் லயக் காம்பிராவின் இருட்டு. அம்மாவின் முகத்துக்கு முன்னால், தகரத்தில் விழும் மழைதான் வந்து சேர்ந்தது.

அவன் போனைக் கடல் பக்கம் திருப்பினான். “அம்மா, தெரியுதா?”

“தெரியலப்பா, சத்தந்தான் கேக்குது. அங்கயும் மழையா?”

“மழ இல்லம்மா, கடலு.” போனை நீட்டிப் பிடித்தபடி அவன் அடுத்த அலைக்குக் காத்திருந்தான்.