அடைத்த கதவும் அழுகிய கொய்யாவும்



திண்டிவனத்திலிருந்து மரக்காணம் செல்லும் சாலையில் அமைந்துள்ள பிரம்மதேசத்தில், எங்கள் இல்லத்தின் பின்புறத்தில் ஆறு கொய்யா மரங்கள் நின்றன. லக்னோ-49 வகைப் பதியன்களை எங்கள் அத்தா தம் கையாலேயே நட்டு, ஆறு மீட்டர் இடைவெளி விட்டு வளர்த்தார்கள். கொல்லைப்புறக் கதவுக்கு அவர்கள் ஒருநாளும் பூட்டுப் போட்டதில்லை. பள்ளி விட்டு வரும் பிள்ளைகள் செங்காயாக இருக்கும்போதே பறித்துத் தின்பார்கள். மரக்காணம் உப்பளத்தில் கூலிவேலை செய்யும் மூதாட்டி ஒருவர், மாலையில் வந்து உதிர்ந்து கிடப்பவற்றைக் கூடையில் பொறுக்கித் தம் ஆடுகளுக்குக் கொண்டு செல்வார். ஐப்பசி மழை தொடங்கினால் உப்பளத்தில் வேலை நின்றுவிடும். அப்பருவத்துக் காய்ப்பு அந்த வீட்டுக்கு எவ்வளவு உதவியாக இருந்தது என்பதை நாங்கள் அன்று எண்ணிப் பார்த்ததில்லை.

அத்தா வஃபாத்தான பின்னர், உடன்பிறந்தோராகிய நாங்கள் கூடிப் பேசினோம். இவ்வளவு பழமும் வீணே போகிறதே, வியாபாரியிடம் கொடுத்தால் மரங்களின் பராமரிப்புக்காவது ஆகுமே என்பது எங்கள் முடிவாக இருந்தது. முள்கம்பி வேலி அடைத்தோம். கதவுக்குப் பூட்டும் போட்டோம். வெளியூர்களில் பணிபுரிவதால் ஞாயிறுதோறும் மட்டுமே வந்து பறித்தோம்.

முதல் மழைக்காலக் காய்ப்பிலேயே எங்கள் கணக்குப் பொய்த்தது. வெளியே மாசற்று மஞ்சளித்திருந்த பழங்களை அரிந்து பார்த்தால், உள்ளே வெண்ணிறப் புழுக்கள் நெளிந்தன. வியாபாரி இரண்டு கூடைகளைத் திருப்பி அனுப்பினார். மரத்தடியெங்கும் அழுகிய பழங்கள் கிடந்தன. உறவினர் ஒருவர், இது கண்ணேறு, கிளையில் தாயத்துக் கட்டுங்கள் என்றார். கண்ணேறு உண்டு என்பதை நாம் மறுப்பதில்லை. ஆயினும் அதற்குப் பாதுகாப்பு அல்லாஹ்விடமே தேடப்பட வேண்டும்; தாயத்துத் தொங்கவிடுவது மார்க்கம் தடுத்த செயல். நோயை இறக்கிய இறைவன் அதற்குரிய நிவாரணத்தையும் இறக்கியிருக்கிறான் என்பது நபி (ஸல்) அவர்களின் போதனை. ஆகவே நிவாரணத்தைத் தேடுவதே கடமை என எண்ணி, திண்டிவனத்திலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தை நாடினோம்.

அங்கே அறிந்துகொண்டது இதுதான். பழ ஈயின் பெண் ஈ, முதிர்ந்து பழுக்கத் தொடங்கும் காயின் தோலைத் துளைத்து முட்டையிடுகிறது. சில நாட்களில் முட்டை பொரிந்து, புழு சதையைத் தின்று வளர்கிறது. பழம் உதிர்ந்ததும் புழு வெளியேறி மண்ணுக்குள் புகுந்து கூட்டுப்புழுவாகிறது. ஏறத்தாழ பத்து நாட்களில் புதிய ஈயாக மேலெழுந்து மீண்டும் மரத்தை நாடுகிறது. எனவே மரத்தடியில் ஒரு வாரம் கிடக்கும் அழுகிய பழம், அடுத்த தலைமுறை ஈக்களை வளர்த்தெடுக்கும் தொட்டிலாகும். மெத்தில் யூஜினால் கவர்ச்சிப் பொறியைத் தொங்கவிடலாம். ஆனால் அதில் ஆண் ஈக்கள் மட்டுமே விழும். ஆகையால் பொறி வைத்தாலும், உதிர்ந்த பழங்களை அன்றாடம் பொறுக்கி அகற்றுவதும், பழுக்கும் முன்பே செங்காய்ப் பருவத்தில் பறிப்பதும் தவிர்க்க முடியாதவை.

இதைக் கேட்டு வீடு திரும்பியபோது, வேலிக்கு வெளியே அந்த மூதாட்டி நின்றுகொண்டிருந்தார். எங்கள் அண்ணனைப் பார்த்து, "என்ன தம்பி, இப்படிக் கொட்டிக் கிடக்குது? பாய் இருந்தவரைக்கும் ஒரு பழம் கீழே தங்க விடமாட்டோமே" என்றார். எங்களில் ஒருவருக்கும் மறுமொழி சொல்ல நா எழவில்லை.

பிள்ளைகள் செங்காயைப் பறித்ததால் ஈ முட்டையிடப் பழம் எஞ்சவில்லை. மூதாட்டி அன்றாடம் பொறுக்கியதால் மண்ணில் புழு இறங்க வழியில்லை. அத்தா கொடுத்ததாக நாங்கள் எண்ணிக்கொண்டிருந்தோம். உண்மையில் வாங்கியவர்களே மரங்களைக் காத்து வந்திருக்கிறார்கள்.

திருக்குர்ஆனின் 68ஆவது அத்தியாயமான அல்கலமில் தோட்டக்காரர்களின் வரலாறு இடம்பெறுகிறது. ஏழை எவரும் நுழைந்துவிடாதபடி அதிகாலையிலேயே கனிகளைக் கொய்துவிட அவர்கள் தங்களுக்குள் உறுதி பூண்டார்கள். அவர்கள் உறங்கிக்கொண்டிருந்த இரவிலேயே தோட்டம் அழிந்துபோயிற்று. இவ்வரலாற்றைச் சிறுவயது முதல் எத்தனையோ பயான்களில் கேட்டிருக்கிறோம். அது பிறரைப் பற்றியது என்றே நினைத்திருக்கிறோம். எங்களுக்கு நேர்ந்தது இறைவனின் தண்டனை என்று தீர்ப்புச் சொல்ல எங்களுக்கு அறிவில்லை. ஆயினும் பூட்டிய கதவுக்கும் புழுத்த பழத்துக்கும் இடையே இருந்த தொடர்பை எங்கள் கண்களாலேயே கண்டோம்.

அடுத்த நாளே பூட்டைக் கழற்றினோம். கிடந்த அழுகல்களையெல்லாம் வாரி, இரண்டடி ஆழக் குழியில் புதைத்தோம். மரத்தடி மண்ணைக் கொத்திக் கிளறிக் கோழிகளை விட்டோம். வெளிப்பட்ட கூட்டுப்புழுக்களை அவை பொறுக்கித் தின்றன. பொறிகளும் கட்டினோம். பிள்ளைகளை அழைக்க வேண்டியிருக்கவில்லை; கதவு திறந்த செய்தி அவர்களுக்கு எப்படியோ எட்டிவிட்டது.

மரங்களை அருகிருந்து கவனிக்கத் தொடங்கியபின் மற்றக் குறைகளும் தெரிந்தன. இலைகள் சிறுத்து, நரம்புகளுக்கிடையே வெளிறியிருந்தன. கடலோரப் பகுதியாதலால் கோடையில் எங்கள் ஆழ்குழாய்க் கிணற்று நீர் உவர்க்கும். இலை விளிம்புகள் கருகுவது அதனாலேயே. கொய்யா ஓரளவு உவர்ப்பைத் தாங்கும் மரம். மண்ணின் கார அமில நிலை 8.2 வரை இருந்தாலும் வளரும். எனினும் களர்த்தன்மை மிகுந்தால் மண்ணிலுள்ள துத்தநாகத்தை வேர் எடுத்துக்கொள்ள இயலாது. அதற்கு லிட்டர் நீருக்கு 5 கிராம் வீதம் துத்தநாக சல்பேட்டைக் கரைத்து, இலை கருகாதிருக்கச் சுண்ணாம்புத் தெளிவுநீர் சேர்த்துத் தளிர் விடும் பருவத்தில் தெளித்தோம். மழைநீர் தேங்கி உப்பைக் கீழிறக்கும்படி மரத்தைச் சுற்றி வட்டப்பாத்தி கட்டினோம். தொழுவுரம் இட்டு, சருகால் மூடாக்குப் போட்டோம். தளிர்களில் படிந்த மாவுப்பூச்சிக்குச் சோப்புக் கரைசல் கலந்த வேப்பெண்ணெய் போதுமானதாயிற்று.

ஒன்றை மட்டும் காப்பாற்ற முடியவில்லை. அத்தாவின் மரங்களோடு ஏழாவதாக நாங்கள் ஒரு நாற்றங்காலில் வாங்கி நட்ட கன்று, மூன்றாம் ஆண்டில் மஞ்சளித்துக் காய்ந்தது. பிடுங்கிப் பார்த்தபோது வேரெங்கும் முடிச்சு முடிச்சாக வீங்கியிருந்தது. அது வேர்முடிச்சு நூற்புழு. தமிழகத்தின் கொய்யாத் தோட்டங்களை அண்மை ஆண்டுகளில் பெரிதும் வாட்டுவது இதுவே. கன்றோடும் அதன் மண்ணோடும் இது ஊருக்கு ஊர் பயணம் செய்கிறது. கன்று வாங்குவோர் பையைச் சற்றே பிரித்து, வேரில் முடிச்சுகள் உண்டா எனப் பார்த்து வாங்க வேண்டும். நாங்கள் பசுமையான இலையைப் பார்த்தோம், வேரைப் பார்க்கவில்லை. அந்தக் குழியில் இனி கொய்யா வைப்பதில்லை. செண்டுமல்லி விதைத்திருக்கிறோம், அது மண்ணிலுள்ள நூற்புழுக்களைக் குறைக்க வல்லது.

ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்து மனிதரோ பறவையோ கால்நடையோ உண்பது அவருக்கு ஸதகாவாகும் என்னும் பொருளில் அமைந்த நபிமொழியை நாம் அனைவரும் அறிவோம். ஸஹீஹ் முஸ்லிமில் ஜாபிர் (ரலி) அவர்கள் வாயிலாக வரும் அறிவிப்பில், அம்மரத்திலிருந்து திருடப்பட்டதும்கூட அவருக்கு ஸதகாவே என்று வருகிறது. நாங்கள் கதவைப் பூட்டியிருந்த காலத்தில், கப்ரில் இருக்கும் எங்கள் அத்தாவை நாள்தோறும் சேர வேண்டிய நன்மையையும் அல்லவா தடுத்திருக்கிறோம்! வியாபாரி தந்த பணத்தால் அதை ஈடு செய்ய இயலுமா?

இவ்வாண்டுக் காய்ப்பில் புழு முற்றிலும் ஒழியவில்லை. மிகவும் குறைந்திருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ். எஞ்சியதை விற்கவும் செய்கிறோம், விற்பது குற்றமன்று. ஆனால் முதலில் பறிப்பவர்கள் பிள்ளைகள். உதிர்ந்தது அந்த மூதாட்டியின் ஆடுகளுக்கு. கொல்லைக் கதவு அத்தா விட்டுச் சென்றபடியே திறந்திருக்கிறது.

அல்லாஹ் எங்கள் அத்தாவின் கப்ரை ஒளிமயமாக்குவானாக. பெற்றோர் திறந்து வைத்த நன்மையின் கதவுகளைப் பிள்ளைகள் அடைத்துவிடாமல் நம் அனைவரையும் காப்பானாக. ஆமீன்.