யாருடைய ஓய்வு?

2021 மே மாதம், இரண்டாம் அலையில் எனக்குக் கொரோனா வந்தது. ஆஸ்பத்திரியில் சேரவில்லை. விருத்தாசலத்தில் எங்கள் வீட்டு மாடி அறையில் பதினைந்து நாள் தனியாகக் கிடந்தேன். காய்ச்சல் விட்டது, வாய் ருசி திரும்பியது. "பொழச்சிக்கிட்ட" என்றார் அத்தை. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஆகஸ்டில் மறுபடியும் செராமிக் பட்டறைக்குப் போனேன். அச்சிலிருந்து எடுத்த பொம்மையின் விளிம்பைக் கத்தியால் சீவி, ஈரப் பஞ்சால் துடைத்து வழவழப்பாக்குவது என் வேலை. பீஸ் கணக்கில் கூலி. பதினொரு மணிக்கெல்லாம் கை நடுங்கத் தொடங்கியது. எத்தனை பொம்மை முடித்தேன் என்ற கணக்கு மறந்துபோனது. பலகையைத் தூக்கிக்கொண்டு பத்தடி நடந்தால் நெஞ்சு படபடத்தது.

ரத்தம் பார்த்தார்கள், எக்ஸ்ரே எடுத்தார்கள். எல்லாம் நார்மல். "நாற்பது வயசாச்சுல்ல, இப்படித்தான் இருக்கும்" என்றார் ஒரு டாக்டர். வீட்டிலும் பட்டறையிலும் ஒரே பேச்சுதான்: "எந்தப் பொம்பளைக்குத்தான் அலுப்பு இல்ல?" உண்மைதானே என்று நானும் வாயை மூடிக்கொண்டேன். பெண் என்றால் அலுப்பு இருக்கும் என்று எல்லோரும் ஏற்றுக்கொண்ட ஊரில், என் நோய் அந்த அலுப்புக்குள்ளேயே ஒளிந்துகொண்டது.

அடுத்த ஆண்டு கடலூரில் பார்த்த டாக்டரம்மாதான், "என்னிக்கு என்ன வேலை செஞ்சீங்க, என்னிக்குப் படுத்தீங்கன்னு எழுதிட்டு வாங்க" என்றார். மகளின் பழைய நோட்டில் எழுதினேன். வெள்ளிக்கிழமை வீடு கழுவினால், ஞாயிற்றுக்கிழமை எழ முடியவில்லை. செய்த வேலைக்கு உடம்பு ஒன்றிரண்டு நாள் கழித்து வட்டியோடு வசூலித்தது.

இதற்கு லாங் கோவிட் என்று பெயர். கொரோனா வந்து மூன்று மாதம் ஆன பிறகும் தொல்லைகள் இருந்து, குறைந்தது இரண்டு மாதம் நீடித்து, வேறு நோயால் அவற்றை விளக்க முடியாவிட்டால் இதுதான் என்று உலக சுகாதார நிறுவனம் 2021 அக்டோபரில் வரையறுத்தது. ஆனால் பெயரை வைத்தது நோயாளிகள்தான். 2020 மே மாதத்தில் எலிசா பெரேகோ என்ற இத்தாலியத் தொல்லியல் ஆய்வாளர் தன் நோயைப் பற்றி ட்விட்டரில் எழுதும்போது பயன்படுத்திய சொல் அது. ஆண்களைவிடப் பெண்களுக்கே இது அதிகம் வருகிறது என்று பல நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. இதுதான் என்று உறுதி செய்ய ஒரு பரிசோதனையும் இல்லை, முழுதாகத் தீர்க்க மருந்தும் இல்லை. டாக்டரம்மா சொன்ன வழி ஒன்றுதான்: அலுப்பதற்கு முன்பே வேலையை நிறுத்த வேண்டும்.

அலுப்பதற்கு முன்பே உட்கார்ந்த பெண்ணை நீங்கள் எந்த வீட்டிலாவது பார்த்திருக்கிறீர்களா?

நான் உட்கார்ந்தேன். மகள் எழுந்தாள். ப்ளஸ் ஒன் படிக்கிற பிள்ளை மாவு கரைத்தாள், தண்ணீர் பிடித்தாள், தம்பிக்குத் துணி துவைத்தாள். ஒரு மாதம் நான் விழவில்லை என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன். காலாண்டுத் தேர்வு மார்க்கோடு வந்தவள் இயற்பியலில் ஃபெயில். "படிக்க நேரம் இல்லம்மா" என்றாள். குறையாகக்கூடச் சொல்லவில்லை. என் ஓய்வு அவள் நேரத்திலிருந்து வெட்டி எடுத்தது என்று அப்போதுதான் உறைத்தது.

என் கணவர் சூளையில் அடுக்குபவர். அன்று ராத்திரி கேட்டேன்: "ஈரம் காயாத பொம்மைய சூளையில ஏத்துவீங்களா?"

"வெடிச்சிடும்ல."

"என்னை மட்டும் ஏன் தினம் ஏத்துறீங்க? நான் உக்காந்தா எதுக்கு அவளை ஏத்துறீங்க?"

அவர் பதில் சொல்லவில்லை. இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். மூன்றாம் நாள் காலை அடுப்படியில் நின்றார். "ஆம்பளய அடுப்புல நிக்க வெக்கிறியே" என்று அத்தை ஒரு வாரம் அழுதார். சாம்பாரில் இன்றும் உப்பு கூடத்தான் இருக்கிறது. தண்ணீர் பிடிப்பது மகன் வேலை.

எல்லாம் சரியாகிவிடவில்லை. அரை நாள்தான் பட்டறைக்குப் போகிறேன், கூலியும் அரைதான். பீஸ் கணக்கு வேலையில் நோய்க்கு லீவு கிடையாது. கழற்றிக் கொடுத்த தோடு இன்னும் அடகில் இருக்கிறது.

நோட்டில் இப்போதும் எழுதுகிறேன். அதில் ஒரு கட்டம் புதிதாகப் போட்டிருக்கிறேன்: நான் படுத்திருந்தபோது அந்த வேலையை யார் செய்தார்கள்?