இழைப்பு யந்திரமும் வீட்டுக் காற்றும்

உடன்குடிப் பக்கத்தில் மரவேலை என்றதும் பனையின் நினைவு முதலில் எழுவது இயல்பு. கருப்பட்டியால் பெயர் பெற்ற இந்த ஊரிலும், இதைச் சூழ்ந்த தேரிக்காட்டுக் கிராமங்களிலும், பழைய ஓட்டு வீடுகளின் கூரையைத் தாங்கி நின்றவை பெரும்பாலும் பனங்கைகளே; அவ்வீடுகள் ஒவ்வொன்றாகப் பிரிக்கப்பட்டுக் கான்கிரீட் தளங்கள் எழும்புகிற இக்காலத்தில், தலைமுறை தலைமுறையாக அடுப்புப் புகையும் கடற்காற்றும் பட்டு இறுகிய அந்தக் கைமரங்கள் விறகுக் கடைக்குப் போய்ச் சேராமல், ஒரு மேஜையாகவோ புத்தக அலமாரியாகவோ மறுபிறவி எடுப்பதைக் காண்பதில் எனக்குள்ள சந்தோஷம் கொஞ்சமன்று. அந்த ஆசையினால்தான் வீட்டின் பின்கட்டில் சிறு பட்டறை ஒன்றை அமைத்து, என் சக்திக்கு உட்பட்ட விலையில் ஒரு திக்னஸர் யந்திரமும் வாங்கி வைத்தேன்.

பலகையை உருளைகள் உள்ளே இழுத்துக் கொடுக்க, நிமிஷத்துக்குப் பல ஆயிரம் தடவை சுழலும் கத்தித் தலை அதன் மேற்புறத்தைச் சீவி, ஒரு முனையிலிருந்து மறு முனை வரை ஒரே கனமாக ஆக்கித் தருவது இந்த யந்திரத்தின் தொழில். தேர்ந்த ஆசாரி ஒருவர் இழைப்புளியைக் கொண்டு அரை நாள் பாடுபட்டுச் செய்வதை இது சில நிமிஷங்களில் முடித்துவிடும். ஆனால் இழைப்புளியின் வாயிலிருந்து சுருள் சுருளாகக் கழன்று காலடியில் விழுந்து கிடக்கும் சீவலுக்கும், சுழலும் கத்தி அடித்து நொறுக்கி வீசுகிற சில்லுக்கும் பெருத்த வித்தியாசம் உண்டு. கைவேலைச் சீவல் துடைப்பத்துக்கு அடங்கும். யந்திரத்தின் சில்லோடு கலந்து புறப்படும் நுண்தூளோ, கண்ணுக்குத் தெரியாமல் மணிக்கணக்கில் அறையின் காற்றிலேயே மிதந்து, அங்கே சுவாசிக்கும் ஒவ்வொருவருடைய நெஞ்சுக்குள்ளும் இறங்குகிறது. பனையின் கறுத்த நார் முறிந்து சிலாம்பாகத் தெறிக்கும். வேம்பின் தூள் தொண்டையில் கசக்கும். வாகையை இழைத்தாலோ தும்மல் ஓயாது.

இந்தத் தொந்தரவைத் தும்மலோடு போகிற விஷயமாக எண்ணுகிறவர்கள் இங்கிலாந்து தேசத்து ஹை விகோம் நகரின் சரித்திரத்தை அறிந்துகொள்வது நல்லது. நாற்காலி செய்வதில் பரம்பரைப் புகழ் கொண்ட அந்த ஊரில், மரச்சாமான் தொழிலாளரிடையே மூக்கின் உட்புறத்தில் தோன்றும் அபூர்வமான ஒரு வகைப் புற்றுநோய் அளவுக்கு மீறிக் காணப்படுவதைக் காது மூக்கு வைத்திய நிபுணரான எஸ்மி ஹாட்ஃபீல்டு அம்மையார் கவனித்தார். அவரும் ஏச்சிசன் முதலிய ஆராய்ச்சியாளர்களும் சேர்ந்து எழுதிய கட்டுரை 1968-இல் பிரிட்டிஷ் மருத்துவ சஞ்சிகையில் வெளிவந்தது. 1995-இல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் மரத்தூளை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது நிச்சயமான பொருள்களின் வரிசையில் சேர்த்துவிட்டது. வருஷக்கணக்காக நாள் முழுவதும் தூளிலேயே உழைத்தவர்களுக்கு நேர்ந்த கதி, ஓய்வு நாளில் நாலு பலகை இழைக்கிறவனுக்கும் அப்படியே நேரும் என்று நான் சொல்லவில்லை. எனினும் வீட்டுப் பட்டறைக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு கதவுதான் இருக்கிறது. அந்தக் கதவுக்கு அப்பால் குழந்தைகள் தூங்குகிறார்கள்.

நம் நாட்டில் 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம் இதைப் பற்றித் தெளிவாகவே பேசிற்று. அதன் 14-ஆம் பிரிவு, தூசியை வெளியேற்றும் சாதனம் தேவைப்படுமிடத்தில் அது தூசி பிறக்கும் ஸ்தானத்துக்கு எவ்வளவு சமீபமாக இயலுமோ அவ்வளவு சமீபமாக அமைய வேண்டும் என்றும், அந்த ஸ்தானம் இயன்ற மட்டும் மூடப்பட்டிருக்க வேண்டும் என்றும் விதித்தது. பத்துப் பேருக்குக் குறையாமல் மின்விசையோடு வேலை செய்த இடங்களுக்கென்று எழுதப்பட்ட விதி அது. பின்கட்டுப் பட்டறையைப் பரிசோதிக்க எந்த அதிகாரியும் வந்ததில்லை. ஆயினும் பட்டறை வைத்திருக்கும் ஒவ்வொருவரும் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டிய சாஸ்திரம் முழுவதும் அந்த ஒரே வாக்கியத்தில் அடங்கியிருக்கிறது என்பது என் அபிப்பிராயம். அறை முழுதும் பரவிய தூளைத் துரத்துவது வீண் பிரயாசை. கத்தியை விட்டுப் புறப்படும் கணத்திலேயே அதைப் பிடித்துவிட வேண்டும்.

மலிவான யந்திரங்களில் விலை குறைவதற்காக முதலில் விட்டுவிடப்படுவது இதுதான். உயர்ந்த யந்திரம் சிலவற்றில் சில்லைத் தானே ஊதித் தள்ளும் விசிறி உள்ளுக்குள்ளேயே இருக்கும். மலிவானவற்றில் கத்தித் தலைக்குப் பின்னால் ஒரு திறந்த வாய் இருப்பதே பெரிது. அந்த வாய்க்குச் சரியாகப் பொருந்தும்படி, 100 மில்லிமீட்டர் குழாயில் போய் முடிகிற தகர மூடி ஒன்றைத் தகர வேலை செய்கிறவரிடம் அளவு கொடுத்துச் செய்துகொள்ளலாம். இடுக்குகளைப் பஞ்சு நாடாவால் அடைத்துவிட்டால் போதும்.

அதற்கு அப்பால்தான் பலரும் தடுமாறுகிறார்கள். வீடு பெருக்கும் வாக்யூம் கிளீனரைக் கொண்டுவந்து செருகினால் காரியம் முடிந்தது என்று எண்ணத் தோன்றும். அது பலமாக இழுக்கும், மெய்; ஆனால் கொஞ்சம் காற்றைத்தான் இழுக்கும். சில்லு வழியில் தங்காமல் போவதற்குக் குழாய்க்குள் காற்று விநாடிக்கு இருபது மீட்டர் வேகத்தில் ஓட வேண்டும். 100 மில்லிமீட்டர் குழாயில் அந்த வேகம் கிடைக்க நிமிஷத்துக்கு ஒன்பது கன மீட்டருக்கு மேல் காற்று வேண்டும். சாமான்யமான வாக்யூம் கிளீனர் இரண்டு மூன்று கன மீட்டரைத் தாண்டுவது அரிது. குழாயின் விட்டத்தைப் பாதியாக்கி வேகத்தைக் கூட்டலாமே என்றால், விட்டம் பாதியாகும்போது வாயின் பரப்பு காலாகச் சுருங்கி, சில்லு அங்கேயே அடைத்துக்கொள்கிறது. ஆகவே, அழுத்தம் குறைந்தாலும் காற்றை ஏராளமாகத் தள்ளும் ஒரு குதிரைசக்தி அல்லது அதற்குச் சற்று மேற்பட்ட புளோயரே இந்த வேலைக்கு உரியது.

சில்லின் கன அளவையும் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். இருபது சென்டிமீட்டர் அகலமும் இரண்டு மீட்டர் நீளமும் உள்ள ஐந்து பலகைகளை ஐந்து மில்லிமீட்டர் சீவினால் கெட்டி மரமாகப் பத்து லிட்டர் கழிகிறது. அது சில்லாகிப் பொங்கும்போது நூறு லிட்டர் பீப்பாயில் பாதிக்கு மேல் அடைத்துக்கொள்ளும். அதனால் யந்திரத்துக்கும் புளோயருக்கும் நடுவில், மூடி இறுக்கமான கெட்டிப் பீப்பாய் ஒன்றை வைத்து, காற்று அதன் ஓரத்தைத் தழுவியபடி நுழைந்து சுழன்று, கனத்த சில்லைக் கீழே உதிர்த்துவிட்டு மூடியின் நடு வழியாக மேலேறிப் போகும்படி அமைக்க வேண்டும். குழாய் குட்டையாக இருக்கட்டும். வளைவு அவசியமானால் ஒரே முழங்கையாகத் திருப்பாமல் இரண்டு அரை வளைவாகத் திருப்புவது உத்தமம். கழிவுநீருக்கு விற்கும் 110 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் குழாய் நம் ஊர்க் கடைகளிலேயே அகப்படுகிறது. ரப்பர் உறை ஒன்றைப் போட்டால் 100 மில்லிமீட்டர் ஹோஸ் அதோடு இணங்கிவிடும்.

பீப்பாயைத் தாண்டியும் நுண்தூள் போகத்தான் செய்யும். குளிர் தேசங்களில் காசு செலவழித்துச் சூடாக்கிய காற்றை வெளியே விட மனமின்றி, விலையுயர்ந்த வடிகட்டிகளை மாட்டி அதே காற்றை அறைக்குள் திருப்பிக்கொள்கிறார்கள். நமக்கு அந்த நிர்ப்பந்தமே இல்லை. சுவரில் ஒரு துவாரம் செய்து காற்றை வெளியே அனுப்பி, எதிர்ப்புற ஜன்னலைத் திறந்துவிட்டால் புதுக் காற்று தானே உள்ளே வருகிறது. வெப்ப நாட்டில் வாழ்வதன் சௌகரியங்களில் இது ஒன்று; இதைப் பயன்படுத்தாமல் விடுவது பெரிய நஷ்டம்.

"அண்ணாச்சி, முத்தத்துல வச்சு இழைச்சா கடல் காத்தே கொண்டு போயிருமே, இதுக்கு ஏன் இத்தனை பாடு?" என்று கேட்டார் பக்கத்து வீட்டுத் தம்பி. கொண்டு போகும், வாஸ்தவம். கொண்டு போய் அவர்கள் வீட்டுக் கொடியில் காயும் துணியின் மேலும், அடுத்த விளையில் பதநீர் காய்ச்சும் தாச்சிக்குள்ளும் போடும். அதனால் வெளித் துவாரத்திலும், மாவு மில்லில் கட்டுவது போன்ற நீண்ட துணிப் பை ஒன்றைக் கட்டி, காற்று வீசும் திசைக்கு மறைவான பக்கத்திலேயே விட்டிருக்கிறேன்.

மின்சாரத்தில் ஜாக்கிரதை வேண்டும். இரண்டு மோட்டாரையும் ஒரே பிளக்கில் கொடுக்காமல் தனித்தனி வயரிங்கில் கொடுத்து, புளோயரை முதலில் ஓடவிட்டுப் பிறகு யந்திரத்தைப் போட வேண்டும். இவ்வளவும் செய்த பின்னும் மூக்கில் ஒரு நல்ல முகமூடி இருப்பதே விவேகம், ஏனெனில் சேராமல் தப்பும் தூள் கொஞ்சம் எப்போதும் உண்டு.

சுவாசத்துக்காகச் செய்த இந்த ஏற்பாட்டினால் வேலைக்கும் ஒரு விசேஷ லாபம் கிடைக்கிறது. சில்லு பலகையின் மேலேயே தங்கினால் வெளியேற்றும் உருளை அதை மரத்தில் அமுக்கி, இழைத்த முகத்தில் சிறு சிறு குழிகளைப் பதித்துவிடும். உடனுக்குடன் உறிஞ்சிவிட்டால் பனையின் கறுப்பும் பொன்னிறமும் கலந்த வரிகள் மாசு மறுவின்றி வெளிவருகின்றன.

யந்திரம் வாங்கப் புறப்படும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். கையிலுள்ள பணம் முழுவதையும் யந்திரத்தில் போட்டுவிடாதீர்கள். புளோயருக்கும் பீப்பாய்க்கும் குழாய்க்கும் வேண்டியதை முதலில் எடுத்து வைத்துவிட்டு, மிச்சப் பணத்துக்கு எந்தத் திக்னஸர் வருகிறதோ அதை வாங்குங்கள்.