மாடியும் முகிலும்

பிழைப்பை நாடி நகரத்துக்கு வந்த நமக்கு இங்கே கிடைத்தவை பல. இழந்தவற்றுள் ஒன்று இருட்டு என்றால் அன்பர்கள் நகைக்கக்கூடும். ஆயினும் அது மெய்.

என் சொந்த ஊர் ஜவ்வாது மலைப்பக்கத்து ஆலங்காயம். அதனை அடுத்த காவலூரில், 1968-ஆம் ஆண்டில், வானியல் அறிஞர் வைனு பாப்பு அவர்களின் முயற்சியால் 38 செ.மீ. தொலைநோக்கியுடன் ஓர் ஆய்வுக்கூடம் தொடங்கிற்று. 1986-இல் 2.34 மீட்டர் விட்டமுள்ள பெருந்தொலைநோக்கியும் அங்கே பணியைத் தொடங்கியது. அதனை நடத்தும் இந்திய வான் இயற்பியல் நிறுவனமோ, நாம் வாழும் பெங்களூரில், கோரமங்கலாவில் இருக்கிறது. நாம் வெளிச்சத்தை நாடி இங்கே வந்தோம். இவ்வூர் அறிஞர்கள் இருளை நாடி நம் மலைக்குச் சென்றார்கள்!

எனினும், என் வீட்டு மாடியிலிருந்தே முயன்று பார்க்க விழைந்தேன். திருவாதிரை விண்மீனுக்குக் கிழக்கே ரோஜா மலரையொத்த முகிற்படலம் ஒன்று உண்டு, நெபுலா என்பர். அதன் ஒளி நம்மை வந்தடைய ஏறத்தாழ 5,000 ஆண்டுகள் ஆகின்றன. வெறுங்கண்ணுக்கு அது தெரியாது. அதிலுள்ள ஹைட்ரஜன் வாயு, 656 நானோமீட்டர் அலைநீளமுள்ள செவ்வொளியை வீசுகிறது. அவ்வொளியை மட்டும் உள்ளே விடும் வடிகட்டியை என் 80 மில்லிமீட்டர் தொலைநோக்கியில், காமிராவுக்கு முன்னே பொருத்தினேன். தெருவிளக்கின் ஒளி பெரும்பாலும் தடைப்பட்டது. பூமியின் சுழற்சிக்கு ஈடாக ஒரு மோட்டார் தொலைநோக்கியை மெல்லத் திருப்பிற்று.

மூன்று நிமிடப் படம் ஒன்றில் வெறும் புள்ளிக்கூட்டமே தென்பட்டது. தை மாதத்தில் ஐந்து இரவுகளில் 100 படங்கள் எடுத்து, அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திக் கணினியில் சராசரி கண்டேன். முகிலின் ஒளி ஒவ்வொரு படத்திலும் ஒரே இடத்தில் இருப்பதால் நிலைத்தது. தாறுமாறான புள்ளிகளோ பத்தில் ஒரு பங்காகக் குறைந்தன. மலர் மலர்ந்தது.

என் தாயார் படத்தைக் கண்டு மகிழ்ந்தார், பிறகு, "கார்த்திகைக் கூட்டம் எங்கே, அப்பா? இங்கு வந்தது முதல் கண்ணில் படவில்லையே!" என்றார். விடை கூற இயலவில்லை. முகில் வீசுவது குறிப்பிட்ட சில நிறங்களை. ஆதலால் அதனைப் பிரித்தெடுக்கலாம். விண்மீனோ எல்லா நிறங்களையும் வீசுகிறது. வெண்ணிற விளக்கொளியும் அத்தகையதே. முதியவர் கண்ணுக்கு அவற்றைப் பிரித்துத் தரும் வடிகட்டி ஏது? விளக்கைத் தணிப்பதே வழி.

எதிர்வீட்டுக் கன்னட அன்பரிடம் இதனைச் சொன்னேன். அவர் அன்றிரவே தம் மாடி விளக்கை அணைத்துவிட்டு, குழந்தைகளுடன் எங்கள் மாடிக்கு வந்தார். நம் இல்லத்தாரும் இரவு பத்து மணிக்குமேல் வேண்டாத மாடி விளக்குகளை அணைப்பார்களாக. மேல்நோக்கி வீசும் விளக்குகளுக்கு ஒரு மூடியிட்டாலும் நன்று. செலவில்லாத இச்செயலால், இங்கே பிறந்த நம் பிள்ளைகளும் பாட்டிமார் அறிந்த வானத்தை ஓரளவேனும் காண்பார்கள்.