காசில் வந்த கடுதாசி

வெளிநாட்டுக் காசு ஒன்று கையில் அகப்பட்டால் நீங்கள் முதலில் என்ன பார்ப்பீர்கள்? எந்தத் தேசம், எந்த வருஷம் என்றுதானே? போன மாதம் ஆரணியில் என் பெரியப்பா நீட்டிய காசில் தேசம் இருந்தது, வருஷத்தைத்தான் காணோம்.

பெரியப்பா பட்டு நெசவாளி. அவருடைய ஒரே பிள்ளை தறியில் உட்கார மறுத்து, முதியோரைப் பராமரிக்கும் வேலைக்கு இஸ்ரேல் போய்விட்டான். அன்று முதல் இருவருக்கும் பேச்சு இல்லை. ஊருக்கு வந்த சிநேகிதனிடம் இந்த ஒற்றைக் காசைக் கொடுத்தனுப்பியிருந்தான்.

"ஒரு வரி கடுதாசி இல்லே. இந்தச் செல்லாக் காசுதான் வந்திருக்கு. வருசங்கூடப் போடலே, பாரு!" என்றார்.

வாங்கிப் பார்த்தேன். ஒரு புதிய ஷெக்கல். ஒரு பக்கம் லில்லி மலர். மறுபக்கம் '1' என்ற இலக்கம். அதனருகே ஐந்து எபிரேய எழுத்துக்கள். கடைசி எழுத்துக்கு முன்னால் மேற்கோள் குறி போல் இரட்டைக் கீற்று. 'இது சொல் அல்ல, எண்' என்பதற்கு அதுதான் அடையாளம்.

எனக்கு இது எப்படித் தெரியும் என்கிறீர்களா? கொச்சி மட்டாஞ்சேரி யூதர் ஆலயத்தைப் பற்றி எழுதப் போயிருந்தேன். அங்கே 1760-இல் எழுப்பிய மணிக்கூண்டின் ஒரு முகத்தில் மணியைக் காட்டுவதே எபிரேய எழுத்துக்கள்தாம். அன்று கற்ற பாடம் ஆரணியில் உதவியது.

"தாத்தாவின் கணக்கு நோட்டில் 'க' என்றால் ஒன்று, 'உ' என்றால் இரண்டு இல்லையா, பெரியப்பா? அதே மாதிரிதான். வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். முதலில் ஹே, ஐந்து, இங்கே ஐயாயிரம். அப்புறம் தாவ், நானூறு. ஷின், முந்நூறு. நூன், ஐம்பது. தாலெத், நாலு."

பாவு இழையை எண்ணிப் பழகியவருக்குப் பென்சில் எதற்கு? "ஐயாயிரத்து எழுநூற்று ஐம்பத்து நாலு. கலி வருசமா?" என்றார்.

"ஏறக்குறைய அப்படித்தான். உலகம் படைக்கப்பட்டதிலிருந்து யூதர்கள் எண்ணும் கணக்கு."

அவர்களுக்கும் எழுத்தில் பயபக்தி உண்டு. பதினைந்தைப் பத்தும் ஐந்துமாக எழுதினால் இறைவன் திருநாமத்தைத் தொட்டுவிடும் என்று ஒன்பதும் ஆறுமாக எழுதுவார்கள். பதினாறுக்கு ஒன்பதும் ஏழும்.

"இங்கிலீஷ் வருசம் என்ன?"

"3760-ஐக் கழியுங்கள். ஆனால் அவர்கள் வருஷம் செப்டம்பர், அக்டோபர் வாக்கில் பிறக்கும். ஆகவே இந்தக் காசின் வருஷம் 1993 செப்டம்பரில் தொடங்கி 1994 செப்டம்பரில் முடிகிறது."

பெரியப்பா பதில் சொல்லவில்லை. காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஸ்ரீமுக வருசம், தை மாசம்" என்றார் மெல்ல. "தொண்ணூத்து நாலு ஜனவரி. அவன் பொறந்தது."

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. எத்தனை நாள், எத்தனை கைச் சில்லறையைப் புரட்டித் தேடினானோ!

"அவன் போன் நம்பர் உங்கிட்ட இருக்கா?"

போனை நீட்டினேன். அரைமணி நேரம் அந்த வீட்டில் தறிச் சத்தம் கேட்கவில்லை.